கொட்டேஜ் கண்காட்சிக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் கடைசியில் ரொறன்ரோவின் வீதியோரங்களில் உப்பும் அழுக்கும் படிந்த பனிக்கட்டி இன்னும் கிடக்கும். அதே நேரத்தில் மிசிசாகாவில் ஒரு மண்டபம் முழுக்கப் படகும், டொக் எனும் ஏரிக்கரைப் படகு மேடையும், விறகடுப்புமாக நிறைந்துவிடும். எங்கள் ஆக்களிலும் இப்போது கொட்டேஜ் எனும் ஏரிக்கரை விடுமுறை வீடு வாங்கியவர்கள், வாங்க யோசிப்பவர்கள், கோடையில் நாலு குடும்பம் சேர்ந்து வாடகைக்கு எடுப்பவர்கள் என்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

இது என்ன கண்காட்சி? எங்கே, எப்போது?

'கொட்டேஜ் லைஃப்' 1988 முதல் வரும் கனேடியச் சஞ்சிகை. ஏரிக்கரையில் இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கானது. அந்தப் பெயரில் வசந்தகாலத்தில் நடப்பதுதான் ஸ்பிரிங் கொட்டேஜ் லைஃப் ஷோ. பியர்சன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், எயார்போர்ட் வீதி 6900 ஆம் இலக்கத்தில் உள்ள இன்ரர்நஷனல் சென்ரரில் நடக்கும். வழமையாக மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில், வியாழன் முதல் ஞாயிறு வரை. அந்த வருடத் திகதியையும் ரிக்கற் விலையையும் அவர்களுடைய இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனி போகுமுன்னமே ஏன் வைக்கிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. ரொறன்ரோவுக்கு வடக்கே மஸ்கோகா, ஹலிபேர்ட்டன் பக்கத்து ஏரிகளில் ஏப்ரல் பிற்பகுதியில்தான் ஐஸ் உடையும். மே மாத விக்டோரியா தின நீண்ட வார இறுதியில் பெரும்பாலானவர்கள் கொட்டேஜைத் திறப்பார்கள். டொக் போடுகிறவர், கூரை வேய்கிறவர், கிணறு தோண்டுகிறவர் எல்லோருடைய நாட்காட்டியும் அதற்கு முன்பே நிரம்பிவிடும். அவர்களைப் பிடிக்கச் சரியான காலம் மார்ச்தான்.

எங்களிடம் கொட்டேஜ் இல்லை. போய் என்ன பயன்?

இருப்பவர்களைவிட உங்களுக்குத்தான் பயன் அதிகம் என்பேன். கொட்டேஜ் வைத்திருப்பவருக்குத் தன் தலையிடி எது என்று ஏற்கெனவே தெரியும். வாங்க யோசிப்பவருக்கு வீட்டு விலையும் வட்டியும்தான் கண்ணில் படும். ஒரு நாள் அந்த மண்டபத்துக்குள் நடந்தால், வாங்கிய பிறகு எதெதற்குப் பணம் போகும் என்பது முழுக்கக் கண்முன் விரிந்துவிடும். செப்ரிக் எனும் கழிவுநீர்த் தொட்டி, தண்ணீர்ப் பம்பு, உறையாத குழாய், கரையோரக் கல்லணை, ஜெனரேற்றர், எலி பிடிக்கிறவர் என்று நூற்றுக்கணக்கான கடைகள். ஒவ்வொரு கடையும் ஒரு செலவு. அதைப் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால் வாங்குங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்களும் போகலாம். வாடகைக் கொட்டேஜ்களையும் விடுதிகளையும் நடத்துகிறவர்களை நேரில் கண்டு, விளம்பரப் படத்தில் இல்லாததைக் கேட்கலாம். கரை மணலா, சேறா? கடைசி ஐந்து கிலோமீற்றர் வீதி எப்படி? பன்னிரண்டு பேர் என்று போட்டிருக்கிறீர்களே, கட்டில் எத்தனை?

எந்த நாள் நல்லது? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? சாப்பாடு?

வேலைக்கு லீவு போட முடிந்தால் வியாழன் அல்லது வெள்ளி. சனிக்கிழமை மத்தியானம் போனால் வேடிக்கை பார்க்கலாம், ஒருவரிடமும் ஆறுதலாகக் கதைக்க முடியாது. பிள்ளைகளுக்குப் படகில் ஏறி இறங்குவதும் இலவச ஃபட்ஜ் துண்டு தின்பதும் ஒரு மணித்தியாலத்துக்குப் போதும், அதற்குப் பிறகு அவர்களுக்கு அலுத்துவிடும்.

மண்டபத்துச் சாப்பாடு எந்தக் கண்காட்சியிலும் கிடைப்பதுதான். வெளியே வந்தால் எயார்போர்ட் வீதி நெடுக நல்ல பஞ்சாபிச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் இதைப் போல நிச்சயமாக நான் சிபாரிசு செய்யக்கூடியது வேறில்லை.

அங்கே எங்கள் ஆக்களைக் காணலாமா? ஒதுக்கிப் பார்ப்பார்களா?

கூட்டத்தில் நரைத்த தலை வெள்ளைக்காரர்கள்தான் அதிகம். ஆனாலும் வருடாவருடம் மற்ற முகங்களும் கூடி வருகின்றன. கடைக்காரர்கள் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. விற்க வந்தவர்கள்தானே. அவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஏரி?" என்பது. நம்மவர்கள் "எந்த ஊர்?" என்று தொடங்குவதைப்போல, பேச்சு அங்கேதான் தொடங்கும். இன்னும் வாங்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், வாடகைக்கு எடுப்பவர் என்றாலும் சொல்லுங்கள். பொய்யாக ஒரு ஏரியின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி அந்த ஏரியின் எந்தக் குடாவில் என்று வரும்.

போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு போகிறவருக்குத் துண்டுப்பிரசுரம்தான் கிடைக்கும். விபரத்தோடு போகிறவருக்குப் பதில் கிடைக்கும்.

கொட்டேஜ் இருந்தால், காணியின் சர்வே படத்தைத் தொலைபேசியில் வைத்திருங்கள். கரையை மூன்று கோணத்தில் எடுத்த படங்கள் வேண்டும். கோடையில் எடுத்ததும் இலையுதிர்காலத்தில் எடுத்ததும் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சில ஏரிகளில் தண்ணீர் மட்டம் பெரிதாக மாறும். கரையிலிருந்து பத்தடி, இருபதடி, முப்பதடி தூரத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம், அடியில் பாறையா சேறா என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். கடைசித் துண்டு வீதி எவ்வளவு அகலம், லொறி வந்து திரும்ப இடம் உண்டா என்பதும் வேண்டும். செப்ரிக் அனுமதிப் பத்திரம் இருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கள்.

இவ்வளவும் எதற்கு? மண்டபத்தில் நிற்கிற விற்பனையாளருக்குத் தன் பொருளைப்பற்றி எல்லாம் தெரியும். உங்கள் ஏரியைப்பற்றி ஒன்றும் தெரியாது. "எல்லா இடத்துக்கும் பொருந்தும்" என்று அவர் சொல்வது அதனால்தான். படத்தைக் காட்டி ஆழத்தைச் சொன்னதும் நேர்மையானவர் பேச்சை நிறுத்தி யோசிப்பார். சிலவேளை "உங்களுக்கு என்னுடையது சரிவராது, அந்தப் பக்கம் மூன்றாவது கடைக்குப் போங்கள்" என்று அவரே அனுப்பிவிடுவார். அப்படிச் சொல்கிற ஆளின் விலாசத்தை வாங்கி வையுங்கள்.

டொக் போட வேண்டும். எதைப் பார்க்க வேண்டும்?

மண்டபத்தில் எல்லா டொக்கும் வடிவாகத்தான் இருக்கும். சீமெந்துத் தரையில், அலையில்லாமல், ஐஸ் இல்லாமல் எது நன்றாக இராது? அங்கே மேல் பலகையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள்தான் அதிகம். குனிந்து கீழே பாருங்கள். இரண்டு துண்டு சேருகிற மூலையில் பிணைச்சல் எப்படி இருக்கிறது, ஆணி மெல்லிய தகட்டைப் பிடித்திருக்கிறதா, தடித்த சட்டத்தைப் பிடித்திருக்கிறதா, பிளாஸ்ரிக் மிதவையைத் தனியே கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். முதலில் உடைவது அந்த மூலைதான்.

வகைகள் மூன்று நாலுதான். ஆழம் குறைந்த, அடி உறுதியான இடத்துக்குக் குழாய்க் கால் டொக் போதும். விலை குறைவு, குளிர்காலத்துக்கு முன் கழற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஐஸ் கால்களை வளைத்துவிடும். ஆழமான இடத்துக்கும் மட்டம் மாறுகிற ஏரிக்கும் மிதக்கும் டொக். மரச்சட்டப் பெட்டிக்குள் கல் நிரப்பி இறக்குவது கிரிப் டொக். அது ஆண்டுக்கணக்கில் நிற்கும், ஆனால் ஏரியின் அடியை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்வதால் அனுமதிச் சிக்கல் அதிகம். கரையிலிருந்தே தூக்கி நிமிர்த்தி வைக்கிற வகையும் உண்டு, விலையும் அதற்கேற்ப நிமிர்ந்து நிற்கும்.

ஹலிபேர்ட்டன் பக்கம் உள்ளவர்கள் விற்பவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே பல ஏரிகள் ட்ரென்ற்-செவேர்ண் நீர்வழிக்குத் தண்ணீர் கொடுக்கும் தேக்கங்கள். 386 கிலோமீற்றர் நீளமான அந்தப் படகுப் பாதையை ஓடவைக்கக் கோடை முழுக்க அங்கிருந்து தண்ணீரை இறக்குவார்கள். ஜூலையில் தண்ணீருக்கு மேல் மிதந்த டொக் செப்டெம்பரில் பாறையில் சரிந்து கிடக்கலாம். "தண்ணீர் இத்தனை அடி இறங்கினால் இந்தச் சாய்வுப் பலகை எவ்வளவு செங்குத்தாகும்?" என்று கேளுங்கள். வயதான அப்பா அம்மா நடக்கிற டொக் என்றால் மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம்.

அனுமதியைப் பொறுத்தவரை, ஒன்ராறியோவில் டொக்கின் கால்களோ கிரிப்போ ஏரியடியில் மொத்தம் 15 சதுர மீற்றருக்கு மேல் இடம் பிடித்தால் மாகாண இயற்கை வள அமைச்சின் வேலை அனுமதி தேவைப்படும். ட்ரென்ற்-செவேர்ண் பாதையில் இருக்கிற ஏரி என்றால் கதை வேறு. அங்கே மத்திய அரசின் பார்க்ஸ் கனடாவிடம் அனுமதி எடுக்க வேண்டும். மூடப்படாத வெள்ளை நுரை மிதவை வைத்த புது டொக்கை 2023 முதல் ஒன்ராறியோவில் விற்கக்கூடாது. உதிர்ந்து ஏரி முழுக்க மணியாகப் பரவுகிறது என்பதுதான் காரணம்.

செப்ரிக், கழிப்பறை பற்றி அங்கே கேட்கலாமா?

கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். மண்டபத்திலேயே மிக உபயோகமான பேச்சு நடக்கிற இடம் செப்ரிக் கடைதான். கூட்டமும் இராது, எல்லோரும் ஹொட் ரப் எனும் வெந்நீர்க் குளியல் தொட்டிப் பக்கம் நிற்பார்கள்.

செப்ரிக் கட்டப்படுவது படுக்கையறைக் கணக்கில். ஒன்ராறியோ கட்டடச் சட்டத்தின்படி வீட்டுத் தொட்டி குறைந்தது 3,600 லீற்றர் கொள்ள வேண்டும். தொட்டியும் கழிவுநீர் மண்ணில் ஊறுகிற படுகையும் ஏரியிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். சின்னக் காணி, பாறை நிலம் என்றால் இந்த அளவுகளுக்குள் படுகை அடங்காமல் போகும். அப்போதுதான் விலை கூடிய சுத்திகரிப்பு முறைகளின் பேச்சு வரும். அந்தப் பேச்சைக் கவனமாகக் கேளுங்கள், வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் எவ்வளவு என்பதையும் சேர்த்து.

எங்கள் ஆக்களுக்கு இதில் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. மூன்று அறைக் கொட்டேஜுக்கு நீண்ட வார இறுதியில் இருபது பேர் வருவோம். இரண்டு நாளில் இருபது பேரின் குளிப்பும் கழுவலும் ஆட்டுக்கறிச் சட்டியின் எண்ணெயும் ஒரே தொட்டிக்குள் போனால், படுகை மூச்சடைத்துப்போகும். எண்ணெயைத் தனியே வடித்துக் குப்பையில் போடுங்கள். ஆட்கள் கூடுகிற வழக்கம் இருந்தால் அதைச் செப்ரிக்காரரிடம் உள்ளபடி சொல்லிப் பெரிதாகப் போட எவ்வளவு வரும் என்று கேளுங்கள். மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தொட்டியை இறைக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் கணக்கு அதைவிடக் குறுகும்.

தண்ணீரில்லாத உரக் கழிப்பறைகளும் அங்கே வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்தது எப்படி மணக்கும்? பாவிக்கிற ஒருவரின் தொலைபேசி இலக்கம் கேளுங்கள். அதோடு, கழிப்பறை உரமாகப் போனாலும் குளித்த தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் எங்கோ போகத்தானே வேண்டும். அதற்கும் அனுமதியோடு ஒரு குழி வேண்டும்.

தண்ணீர் வடிகட்டி விற்பவர்கள் கண்ணெதிரே பரிசோதித்துக் காட்டினால் நம்பலாமா?

எந்தக் கண்காட்சியிலும் ஒரு வித்தையைப் பற்றி அறிந்து வைத்திருப்பது நல்லது. தண்ணீருக்குள் இரும்புக் கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் அது பழுப்பு நிறமாகும். அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து வருவது. உங்கள் தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தனியார் கிணற்றுத் தண்ணீரில் பக்டீரியா இருக்கிறதா என்று பப்ளிக் ஹெல்த் ஒன்ராறியோ இலவசமாகப் பரிசோதித்துத் தருகிறது. முதலில் அதைச் செய்யுங்கள், பிறகு வடிகட்டி பாருங்கள்.

'பங்கி'க்கு அனுமதி தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?

பங்கி என்பது விருந்தாளிகள் படுக்க வளவில் தனியே வைக்கிற சின்ன மரக்குடில். மண்டபத்தில் ஐந்தாறு நிற்கும், உள்ளே கட்டிலும் விரிப்பும் மஞ்சள் விளக்குமாக. "108 சதுர அடிக்குள்தான், பேர்மிற் வேண்டாம்" என்று பலகையில் எழுதியிருப்பார்கள்.

பாதி உண்மை. 10 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 108 சதுர அடிக்குக் குறைந்த, தண்ணீர்க் குழாய் இல்லாத சின்னக் கட்டடத்துக்குக் கட்டட அனுமதி பொதுவாகத் தேவையில்லை. சாமான் வைக்கிற ஷெட்டுக்கு அந்த எல்லையை 15 சதுர மீற்றராக உயர்த்தினார்கள், ஆனால் ஆள் படுக்கிற குடில் ஷெட் ஆகாது. மற்றப் பாதி உள்ளூராட்சியின் வலயச் சட்டம். கரையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், காணியில் எத்தனை கட்டடம் இருக்கலாம், ஆள் படுக்கலாமா என்பதையெல்லாம் ஒவ்வொரு ரவுன்ஷிப்பும் தன் பாட்டில் தீர்மானிக்கிறது. பலகையில் எழுதியவருக்கு உங்கள் ரவுன்ஷிப் தெரியாது. ஒரு தொலைபேசி அழைப்பு போதும், கட்டிய பிறகு அல்ல, காசு கொடுக்குமுன்.

"இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்றால் அங்கேயே கையெழுத்துப் போடலாமா?

பெரிய சாமானுக்குப் போடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வீட்டுக்கு வந்து விற்கிறவரிடம் 50 டொலருக்கு மேல் ஒப்பந்தம் செய்தால் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே கைவிடலாம். எங்கள் சனம் இதைக் கேள்விப்பட்டிருக்கிறது. ஆகவே கண்காட்சியில் கையெழுத்துப் போட்டாலும் பத்து நாள் இருக்கிறதுதானே என்று நினைக்கிறார்கள். இல்லை. கடை, சந்தை, ஏலம், வணிகக் கண்காட்சி ஆகிய இடங்களில் செய்கிற ஒப்பந்தத்தை அந்தப் பிரிவிலிருந்து சட்டம் வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. அங்கே போட்ட கையெழுத்துக்கு விற்பவர் தானாகத் தருகிற நாட்கள்தான் உண்டு. அதையும் ஒப்பந்தத்தில் எழுதித் தந்தால்தான் கணக்கு.

விடுமுறை விடுதியில் வருடத்துக்கு ஒரு கிழமை என்று பங்கு விற்கிற ரைம்-ஷெயர் மட்டும் விதிவிலக்கு. எங்கே கையெழுத்துப் போட்டாலும் அதற்குப் பத்து நாள் உண்டு. அதுவும் ஏன் தேவைப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, விலை உண்மையிலேயே நல்ல விலை என்றால் என்ன செய்வது? "காட்சி விலையை இரண்டு கிழமைக்கு எழுதித் தாருங்கள், காணியை வந்து பார்த்தபிறகு முற்பணம் தருகிறேன்" என்று கேளுங்கள். தொழிலை நடத்துகிற ஆள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார், அவருக்கும் காணியைப் பார்க்காமல் வேலை எடுப்பது தலையிடி. மதிப்பீடு என்று ஒரு தொகை எழுதி ஒப்பந்தமானால், கடைசிக் கணக்கு அதைவிட 10 வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. விலையில் 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரி சேர்ந்ததா இல்லையா என்று கேட்க மறக்காதீர்கள். டொக்கின் விலையில் அது சின்னத் தொகை அல்ல.

சின்னச் சாமானுக்கு இந்தப் பயமெல்லாம் வேண்டாம். பூச்சிவலைச் சட்டை ஒன்று வாங்குங்கள். மே நடுவிலிருந்து ஜூன் வரை பிளாக்ஃப்ளை எனும் குட்டிக் கறுப்பு ஈ காதுக்குப் பின்னால் கடிக்கும்போது என்னை நினைப்பீர்கள்.

காணியோ கொட்டேஜோ அங்கேயே பார்த்து வாங்கலாமா?

வீடு விற்பனை முகவர்கள் இருப்பார்கள். ஏரிகளைப்பற்றி அவர்களிடம் கதை கேட்கலாம், அது நல்ல கதை. வாங்குவது வேறு. அவர்களிடம் கேட்க வேண்டியவை சில: வீதிப் பனியைக் குளிர்காலத்தில் யார் வழிக்கிறார்கள், நகரசபையா, அயலவர்கள் காசு போட்டா, அல்லது ஒருவரும் இல்லையா? கரையோரமாக 66 அடி அகலத்தில் அரசு பழங்காலத்தில் வீதிக்கென்று ஒதுக்கிய துண்டு இந்தக் காணியில் வாங்கப்பட்டுவிட்டதா? இது பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவின் பல ஏரிகளில் கரை ஓரம் சட்டப்படி உங்களுடையதல்ல, ரவுன்ஷிப்பினுடையது. டொக்கும் படகுவீடும் அதில் நின்றால் அது பிறகு வழக்கறிஞரின் மேசைக்கு வரும். விறகடுப்பு இருந்தால் அதன் பாதுகாப்பைப் பார்க்கும் வெற் (WETT) பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள், காப்புறுதிக்காரர் கேட்பார்.

ஊரில் இருக்கும் தம்பியின் காசையும் பெயரையும் சேர்த்து வாங்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். காசு வரலாம், பெயர் சேர்க்குமுன் வழக்கறிஞரைப் பாருங்கள். கனேடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இல்லாத ஒருவர் வாங்குபவர்களில் இருந்தால், 2022 ஒக்ரோபரிலிருந்து மாகாணம் முழுவதும் 25 வீத வரி உண்டு. அவருடைய பங்குக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். கணவன் மனைவியாக வாங்குவது போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. தம்பிக்கு இல்லை.

வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்டிவிடலாம் என்கிறார்களே?

வாடகை நடத்தித் தருகிற நிறுவனங்கள் கண்காட்சியில் அப்படித்தான் சொல்லும். ஜூலை, ஓகஸ்ட் நிரம்பும். நவம்பர்? ஹன்ட்ஸ்வில் போன்ற பல ஊர்களில் குறுங்கால வாடகைக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். ஆள் எண்ணிக்கையும் செப்ரிக் கொள்ளளவும் அதில் வரும். கோடை வாடகையை இலாபமாகக் காட்டாமல், வருடம் முழுவதற்குமான கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

படகு பார்க்கப் போகலாமா?

படகுக்கென்றே ஜனவரியில் எக்ஸிபிஷன் பிளேஸில் ரொறன்ரோ படகுக் கண்காட்சி தனியே நடக்கிறது, தெரிவு அங்கே அதிகம். இங்கே கனூ, கயாக், சின்ன அலுமினியப் படகு, பொன்ரூன் எனும் தட்டையான மிதவைப் படகு பார்க்கலாம். மோட்டார் பூட்டிய எந்தப் படகையும் ஓட்ட 2009 செப்டெம்பரிலிருந்து எல்லா வயதினருக்கும் படகு ஓட்டுநர் அட்டை கட்டாயம். ஒருமுறை எடுத்தால் ஆயுள் முழுக்கச் செல்லும். படகை இழுத்து இன்னொரு ஏரிக்குக் கொண்டுபோகுமுன் அடைப்பானைக் கழற்றி, தண்ணீர் முழுக்க வடிக்க வேண்டும் என்பது 2022 முதல் ஒன்ராறியோச் சட்டம். வரிக்குதிரைச் சிப்பி மாதிரியான வந்தேறி உயிர்கள் அப்படித்தான் ஏரிக்கு ஏரி பயணம் செய்கின்றன.

நீந்தத் தெரியாதவர்கள் எங்களில் அதிகம். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் உயிர்காப்புச் சட்டையை அங்கேயே போட்டுப் பாருங்கள். தோள் பட்டியைப் பிடித்து மேலே தூக்கும்போது சட்டை காதுவரை ஏறினால் அது பெரிது. "அடுத்த வருடமும் போடலாம்" என்று வாங்குகிற உடுப்பு அல்ல அது.

விரிவுரைகள் நடக்குமாமே, இருக்க வேண்டுமா?

சமையல், அலங்காரம் எல்லாம் விருப்பமிருந்தால் பாருங்கள். கொட்டேஜைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது பற்றிய விரிவுரை இருந்தால் மட்டும் இடம்பிடித்து இருங்கள், கொட்டேஜ் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது என்றாலும்.

ஏனென்றால், வீடு விற்ற இலாபத்துக்கு வரி இல்லை எனும் முதன்மை வசிப்பிட விலக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு வருடத்தில் ஒரு வீட்டுக்குத்தான். மார்க்கம் நகரில் இருக்கிற வீட்டுக்கு அதை எடுத்தால், கொட்டேஜ் கைமாறும்போது அதன் விலை ஏறியதில் பாதி வருமானத்தோடு சேரும். மகளுக்கு ஒரு டொலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் தப்பலாம் என்று கோயில் மடத்தில் சொல்கிற ஆலோசனையை விட்டுவிடுங்கள். வரித் திணைக்களம் அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகவே உங்களைக் கணக்கெடுக்கும். மகளின் வாங்கிய விலையோ ஒரு டொலராகவே நிற்கும். அவள் விற்கும்போது அதே ஏற்றத்துக்கு இன்னொரு முறை வரி. கூரை மாற்றியது, டொக் போட்டது, செப்ரிக் புதுப்பித்தது எல்லாவற்றின் பற்றுச்சீட்டையும் ஒரு கோப்பில் போட்டு வைத்தால் அந்தச் செலவு அடக்க விலையோடு சேர்ந்து வரியைக் குறைக்கும். இந்தக் கோப்பைத் தொடங்க வேண்டியது வாங்கிய முதல் கிழமையில்.

வாங்கிய பெரிய சாமான் எப்போது வந்து சேரும்?

விற்பவர் "ஏப்ரலிலேயே தருகிறேன்" என்றால் எப்படி என்று கேளுங்கள். பனி உருகுகிற காலத்தில் மண் இளகிக் கிடக்கும். அப்போது கிராமத்து வீதிகளில் பார லொறிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும். பாதிப்பாரம் என்று பலகை போட்டிருப்பார்கள், பெரும்பாலும் மார்ச் முதல் ஏப்ரல் கடைசி அல்லது மே வரை. செப்ரிக் தொட்டியோ, முழு டொக்கோ, கொங்கிறீற் லொறியோ அதற்குள் போக முடியாது. வீதி திறந்ததும் எல்லோரும் ஒரே கிழமையில் கேட்பார்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் "வசந்தகாலம்" என்றோ "ஐஸ் போனபிறகு" என்றோ எழுத விடாதீர்கள். நாள், மாதம், வருடம் போடச் சொல்லுங்கள். சாமான் தருவதாக எழுதிய திகதியிலிருந்து 30 நாள் கடந்தும் சாமான் வரவில்லை என்றால், வருமுன் ஒப்பந்தத்தைக் கைவிட்டு முற்பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. திகதியே எழுதாவிட்டால் ஒப்பந்தம் செய்த நாளிலிருந்து சட்டம் முப்பது நாளை எண்ணும், ஆனால் "வசந்தகாலம்" என்று எழுதியிருந்தால் எதிலிருந்து எண்ணுவது என்பதே வாக்குவாதமாகிவிடலாம்.